படிக்கட்டில் ஒரு சிவப்புப் பூட்டு

டெய்லரம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம். பால் பாக்கெட் கொஞ்சம் இடம் மாறிக் கிடந்தாலும் சரி, குடத்தில் தண்ணீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும் சரி, அவள் சந்தேகம் நேராகப் படியேறி மாடிக்குத்தான் போகும். மாடியில் அவளுடைய நாத்தனார் குடியிருந்தாள்.

மாமனார் போன பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. கீழ்த்தளம் மகனுக்கு, மாடி மகளுக்கு. மாடிப்படியும், மொட்டை மாடியும், அங்கே வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த சோலார் பேனல்களும் இருவருக்கும் பொது. கீழே முன்னறையில்தான் டெய்லரம்மா தையல் கூடம் நடத்தினாள். மெஷின்கள், துணி வெட்டும் மேசை, இஸ்திரிப் பெட்டி, சுவரெல்லாம் நூல்கண்டு. அந்த அறையை வைத்துத்தான் அவளை ஊர் டெய்லரம்மா என்றது. அறை கைவிட்டுப் போனால் அவள் யார் என்று அவளுக்கே தெரியாது. என்றைக்காவது நாத்தனார் அந்த அறையில் கை வைப்பாள் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அது நியாயமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டாள், கேட்டவரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்வாள்.

பயத்துக்கு ஒரு விதை உண்டு. நாத்தனாருக்கு பிஸ்கட் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒருநாள் இரவு வேலை முடித்து வந்தவள், கண்ணெல்லாம் சிவந்து, படியில் நின்றபடியே கேட்டாள். "அண்ணி, மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் மட்டும் அந்தப் பெரிய மெஷினை நிறுத்த முடியுமா? தூக்கமே இல்ல."

இவ்வளவுதான். டெய்லரம்மாவின் காதில் விழும்போது அது "கூடத்தைக் காலி பண்ணு" என்று விழுந்தது. அன்று சாயங்காலமே கணவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "உங்க தங்கச்சிகிட்ட பேசறதா இருந்தா என்கிட்ட பேசாதீங்க. ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணிக்கோங்க."

கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கப் பிறர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, எங்கே தூசியைக் கண்டாலும் கை பரபரக்கும் மனிதர். சண்டை என்றால் மட்டும் காத தூரம் ஓடுவார். அவர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். சம்மதித்துவிட்டார் என்று டெய்லரம்மா எடுத்துக்கொண்டாள்.

மாடிப்படியின் திருப்பத்தில் சுவரோடு சோலார் இன்வெர்ட்டர் மாட்டியிருந்தது. அதில் ஒரு பச்சை விளக்கு. பக்கத்தில் மூடி போட்ட சுவிட்ச் பெட்டி. மேலே பேனலிலிருந்து வரும் கரண்டை வெட்டவும் சேர்க்கவும் உள்ளே ஒரு திருகு சுவிட்ச், வீட்டுக்குப் போகும் கரண்டுக்கு இன்னொன்று. கூடத்து மெஷின்கள் அந்தக் கரண்டில்தான் ஓடின. கூடத்தைத் திறக்குமுன் அந்தப் பச்சை விளக்கை எட்டிப் பார்ப்பது டெய்லரம்மாவின் வழக்கம். அது எரிந்தால் அவளுக்கு அன்றைய பொழுது விடிந்தது.

ஒருநாள் காலையில் விளக்கு எரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது ஒன்றுமே நடக்காதது மாதிரி எரிந்துகொண்டிருந்தது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கதை. மூக்கில் வியர்த்துவிட்டது.

"யாரோ அணைக்கறாங்க, அப்புறம் போடறாங்க," என்றாள் கூடத்தில். கேட்டுக்கொண்டிருந்தவள் காஜா அக்கா. பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தூபம் போடுவதிலும் அப்படியே.

"யாரோ என்ன யாரோ? படி ஏறினா ஒரே ஒரு வீடுதானே இருக்கு," என்றாள் காஜா அக்கா, நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு. "நான் எதுவும் சொல்லல. எனக்கு எதுக்கு ஊர் வம்பு."

எதுவும் சொல்லாமலே அவள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

அதன் பிறகு டெய்லரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். காத்திருந்தவள் கண்ணில் வேறொன்றும் பட்டது. கணவர் திடீரென்று காலை நடைக்குப் போக ஆரம்பித்திருந்தார். நடைக்குப் போகிறவர் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு போவானேன்? திரும்பி வரும்போது நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. ஆனால் கால்சட்டையின் ஓரம் நனைந்திருந்தது. மழை பெய்து மாதக் கணக்காகிறது. எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அவள் மெனக்கெட்டு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தாள். எங்கும் புழுதிதான் பறந்தது.

மாடியில் ஒரு சந்தேகம், வீட்டுக்குள் ஒரு சந்தேகம். இரண்டையும் தனித்தனியாக வளர்த்தாள். இரண்டும் ஒரே இடத்தில் போய் முடியும் என்று அவளுக்கு ஏனோ தோன்றவில்லை.

பிறகுதான் பூட்டு வந்தது. கூடம் திறக்க வந்தவள் பச்சை விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்துப் படியேறினாள். சுவிட்ச் பெட்டியின் மூடியிலிருந்த துளையில், பளபளவென்று, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு சின்னச் சிவப்புப் பூட்டு தொங்கியது. ஒரு சீட்டில்லை, விளக்கமில்லை. பூட்டு மட்டும்.

பொதுப் படிக்கட்டில் ஒருத்தி பூட்டுப் போட்டால் அதற்கு எந்தக் குடும்பத்திலும் ஒரே அர்த்தம்தான். இது இனி உனக்கில்லை என்பதுதான். இன்றைக்கு சுவிட்ச் பெட்டி, நாளைக்கு மொட்டை மாடி, மறுநாள் முன்னறை. அவள் பெட்டியைத் தொடாமல் இறங்கி வந்தாள். அப்புறம் போய்ப் பார்த்தபோது பூட்டைக் காணோம், விளக்கு எரிந்தது.

"வெள்ளோட்டம் பாக்கறா," என்றாள் காஜா அக்கா. "நீங்க என்ன பண்றீங்கன்னு பாத்துட்டு நிரந்தரமா போடுவா."

"போடட்டும். கையும் களவுமா பிடிக்கறேன்."

பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோல் குவிந்திருந்த வாரம் அது. அன்று டெய்லரம்மா விடியுமுன்பே எழுந்தாள். கணவர் பூனை மாதிரி கதவைத் திறக்கப் பார்த்தபோது அவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

"எங்க?"

"நடக்கப் போறேன்."

"டீ குடிச்சிட்டுப் போங்க."

அவருக்கு டீயா பெரிது? ஆனால் மறுத்தால் மாட்டிக்கொள்வார். உட்கார்ந்தார். டெய்லரம்மா வேண்டுமென்றே மெதுவாகப் பாலைக் காய்ச்சினாள். எந்த வழியாகப் போவீர்கள், யாரெல்லாம் வருவார்கள், கால்சட்டை எப்படி நனைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மடக்கு குடித்தார். இடையிடையே ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது.

"எதுக்கு ஜன்னலையே பாக்கறீங்க?"

"வெயில் வந்துடுச்சு."

"வந்தா? நீங்க என்ன வடகமா காயப்போடப் போறீங்க?"

அவர் தம்ளரை வைத்துவிட்டு வேகமாக வெளியே போனார். தெருக்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தெருவுக்குத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். கதவுக்கு வெளியே இடது பக்கம் திரும்பினால் மாடிப்படி.

கொஞ்ச நேரம் பொறுத்து டெய்லரம்மா கூடத்தைத் திறந்தாள். படியில் எட்டிப் பார்த்தாள். பச்சை விளக்கு இல்லை. சிவப்புப் பூட்டு இருந்தது.

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தாள். பிரஸ் பட்டன் அடிக்கிற சின்னச் சுத்தியல். அவள் கைக்குப் பழகியது. மெஷின் திருகாணிக்கு வைத்திருந்த ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டாள். மாடிக்கதவு சாத்தியிருந்தது. நல்லது, தூங்கட்டும், எழுந்து வந்து பார்க்கட்டும்.

பூட்டு சின்னதாக இருந்தாலும் கெட்டி, உடையவில்லை. அது மாட்டியிருந்த மூடியின் பிளாஸ்டிக் காது மூன்றாவது அடியில் உடைந்தது. பூட்டு அப்படியே உருண்டு படியில் விழுந்தது. மூடியைத் தூக்கினாள். திருகு சுவிட்சைத் திருப்பினாள். பக்கத்திலிருந்த இன்னொரு சுவிட்சும் கீழே இறங்கியிருந்தது. அதையும் தூக்கிவிட்டாள். இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது.

டெய்லரம்மாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை நாளில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சுத்தியலைப் படியிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி, இஸ்திரிப் பெட்டியைச் சூடு போட்டாள். முதல் சட்டையின் காலரைக்கூடத் தேய்த்து முடிக்கவில்லை. மேலே ஏதோ தகரம் உருளும் சத்தம். அப்புறம் ஒரு அலறல். நாத்தனார் குரல்.

"அண்ணா!"

அண்ணனா? அண்ணன் தெருவில் நடக்கப் போயிருக்கிறார். மூளை அப்படிச் சொன்னாலும் கால் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

மொட்டை மாடியில் காலை வெயில் பேனல்களின்மேல் சாய்ந்து விழுந்திருந்தது. பாதி பேனல்கள் பளிச்சென்று நனைந்திருந்தன, பாதியில் புழுதி அப்படியே இருந்தது. வாளி கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், தேங்கிய தண்ணீரில், மல்லாந்து கிடந்தார் அவள் கணவர். ஒரு கை உடம்புக்கடியில் மடங்கியிருந்தது. நாத்தனார் நீளமான மரக்கம்பு வைத்த தூரிகையைப் பிடித்தபடி நின்றாள். பேனலுக்கடியிலிருந்து தொங்கிய ஒரு கறுப்புக் கேபிளை அந்தக் கம்பால் அவரிடமிருந்து எட்டத் தள்ளிக்கொண்டிருந்தாள். கேபிளின் ஒரு பக்கத்தை எலியோ அணிலோ கடித்து வைத்திருந்தது.

டெய்லரம்மா அவரை அள்ளிக்கொள்ளப் பாய்ந்தாள்.

"தொடாதீங்க அண்ணி!"

அந்த நொடியிலும் பாருங்கள், அவள் புத்தி எங்கே போனது! என் புருஷனைத் தொடாதே என்று சொல்ல இவள் யார்?

"தண்ணில கால் வைக்காதீங்க! கீழ ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினோம். யாரோ போட்டுட்டாங்க. போங்க, போய் நிறுத்துங்க, ஓடுங்க!"

யாரோ. டெய்லரம்மாவின் கால் தண்ணீருக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் திரும்பி ஓடினாள். படியில் தன்னுடைய சுத்தியலையே மிதித்துச் சறுக்கினாள். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. திருகு சுவிட்ச் முதலில் நழுவியது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். மற்றதையும் இறக்கினாள். விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடியும் எரிந்துவிடுமோ என்று பயந்து, இன்னொருமுறை பார்த்தாள். அந்தப் பெட்டியை அணைக்க அவள் இவ்வளவு பாடுபடுவாள் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் சொன்னவரை வாசலைத் தாண்டவிட்டிருக்க மாட்டாள்.

மேலே போனபோது நாத்தனார் அவரைத் தண்ணீரிலிருந்து காய்ந்த தரைக்கு இழுத்திருந்தாள். மூச்சிருந்தது. கண் திறந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. டெய்லரம்மா அவர் சட்டையைத் தளர்த்தினாள். பைக்குள் ஏதோ கெட்டியாக அகப்பட்டது. எடுத்துப் பார்த்தாள்.

ஒரு குட்டிச் சாவி. கூடவே, கயிறு கோத்த ஒரு சிவப்பு அட்டை. அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'ஆள் வேலை செய்கிறார். தொடாதீர்.'

"இது அங்கதானே தொங்கணும்?" என்றாள்.

நாத்தனார் அண்ணனின் காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க கம்பெனில மெஷின் கழுவப் போறவங்க ஆளுக்கொரு பூட்டு வச்சிருப்பாங்க. சுவிட்சைப் பூட்டி, அட்டையை மாட்டி, சாவியை அவங்கவங்க பையில போட்டுட்டுத்தான் கை வைப்பாங்க. அதே மாதிரி ஒரு பூட்டும் அட்டையும் அண்ணனுக்கு வாங்கிக் கொடுத்தேன். பூட்டைப் போட்டாரு. அட்டையை மாட்டினா மேல யார்னு நீங்க கேப்பீங்களாம். வேணாம்னுட்டாரு."

கீழே கிடந்தவர் மெல்ல முனகினார். "வாரம் ஒருதடவை... கொஞ்ச நேரம் பேசிட்டிருப்போம்."

அவ்வளவுதான் திருட்டு. அண்ணனும் தங்கையும் பேனல் துடைத்துக்கொண்டே பேசினார்கள். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டு இறங்குவார்கள். கால்சட்டை அப்படித்தான் நனைந்தது. டெய்லரம்மாவின் இரண்டு சந்தேகங்களும் ஒரே வாளித் தண்ணீரில் வந்து விழுந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். காஜா அக்கா கீழேயிருந்து "சட்டை கருகுது, சட்டை கருகுது" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பரிசோதித்துப் பயமில்லை என்றார்கள். உள்ளங்கையில் தீக்காயம். மணிக்கட்டு முறிந்திருந்தது, கட்டுப் போட்டார்கள். கேபிளை மாற்ற சோலார்காரர் வந்தார். இதற்கு முன்பே கூப்பிட்டிருந்தால் வந்திருக்கக்கூடியவர்தான். கடிபட்ட இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இதைப் போய் ஈரக் கையால தூக்கினாரா? வெயில் பட்டுட்டா பேனல் சும்மா இருக்காதுங்க. கீழ அணைச்சிருந்தாலும் அதுக்குள்ள கரண்ட் இருக்கும். அதான் விடியறதுக்குள்ள முடிச்சுடணும், கேபிள் பக்கமே போகக்கூடாதுன்னு சொல்றது. ஆனா கீழ அணைஞ்சபடியே இருந்திருந்தா இவ்வளவு தூக்கி அடிச்சிருக்காது. சரி, பெட்டியை யார் போட்டது?"

நாத்தனார் உடைந்த பிளாஸ்டிக் காதைப் பார்த்தாள். படியோரம் கிடந்த பிரஸ் பட்டன் சுத்தியலையும் பார்த்தாள்.

"யாரோ தெரியாம போட்டுட்டாங்க," என்றாள்.

அன்றிலிருந்து டெய்லரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். போலீசுக்குப் போவேன் என்றிருந்தால் போ என்றிருக்கலாம். யாரோ என்றாளே, ஏன்? எதற்காக இதை மடியில் முடிந்து வைத்திருக்கிறாள்? எந்த நாளுக்கு? மத்தியானத்தில் பெரிய மெஷினை அவளாகவே நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, மேலே சத்தமில்லாமல் இருப்பதையும் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேனலில் மறுபடியும் புழுதி படிந்தது. கட்டுப் போட்ட கையோடு கணவர் ஜன்னல் வழியே மேலே பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒருநாள் நாத்தனார் படியிறங்கி வந்து கூடத்து வாசலில் நின்றாள். இரவு ஷிப்டில் பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டிருந்தது, நேராக நிற்க முடியவில்லை.

"அண்ணி, நான் குனிஞ்சு நிமிர முடியாது. நீங்க மேல ஏறறீங்களா? எப்படின்னு சொல்றேன்."

மறுநாள், வெளிச்சம் வருகிற நேரம். டெய்லரம்மா கணவருடைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாத்தனார் சொன்ன வரிசையில் இரண்டு சுவிட்சையும் தன் கையாலேயே அணைத்தாள். புது மூடி, அதே சிவப்புப் பூட்டு. பூட்டினாள், அட்டையை மாட்டினாள், சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள். வாளியோடு மேலே போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, மரக்கம்பின் தூரிகையைத் தூக்கினாள்.

கீழே படியில் ஏதோ சத்தம்.

தூரிகை அந்தரத்தில் நின்றது. பூட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாததா? பூட்டு கெட்டிதான், காதுதான் உடையும். மூன்று அடி போதும்.

"யாரது?"

"நான்தான் அண்ணி."

"அங்க என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல. பெட்டிகிட்ட நிக்கறேன்."

கேட்டுவிட வேண்டியதுதான். "அன்னைக்குப் போட்டது நான்தான். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். தெரிஞ்சதாலதான் நிக்கறேன். இந்த வீட்டுக்குப் பூட்டு மட்டும் போதாது."

"முதுகு வலியோடவா? எவ்வளவு நேரம் நிப்பே?"

"நீங்க இறங்கற வரைக்கும்."

இதை நம்பலாமா என்று டெய்லரம்மா யோசித்தாள். நம்புவதற்கு அங்கே வேறு ஆதாரம் எதுவும் இல்லை, படியில் நின்ற அந்தக் குரலைத் தவிர. கிழக்கே வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது, நின்று யோசிக்கவும் நேரமில்லை. அவள் தூரிகையை ஈரக் கண்ணாடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.